நைட்டரிக்கு அர்த்தம் கொடுத்த வாரியம்

செவ்வாய்க்கிழமை காலை, பெயின்ட் காய்வதற்கு முன்னாலேயே, அந்தச் சொல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள்.

பலகையில் இருந்தவை இரண்டே சொற்கள். 'வாண்டாவின் நைட்டரி.' முதல் சொல்லைக் காவலர் தொடவில்லை. இரண்டாவது சொல்லை மட்டும், நடுத்தெருவில் விழுந்து செத்தவனை மூடுவதுபோல மூடி, நான்கு மூலையிலும் ஆணி அடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார்.

"என்ன சார் பண்றீங்க?" என்றாள் வாண்டா.

"இந்தச் சொல்லு பட்டியல்ல இல்லைம்மா."

"எந்தப் பட்டியல்ல?"

"அது எனக்குத் தெரியாது. பட்டியலை நாங்க பாக்குறதில்ல. இல்லாததை மூடச் சொல்வாங்க, மூடுவோம்."

ஏணியை அவர் தோளில் போட்டுக்கொண்டு போனார். அது வாண்டாவின் ஏணி. சாட்சியப் பொருளாம்.

வாண்டா கோவலுக்கு இருபத்தொன்பது வயது. பதினோரு வருடம் போர்ட் ஹார்மனில் அடுத்தவர் கிளப்புகளின் வாசலில் நின்று, வருகிறவர்களின் மேலங்கியையும் தொப்பியையும் வாங்கிக் கொக்கியில் மாட்டியவள். மதுவிலக்குக் காலத்தில் நிலவறை வாசலில் நின்றாள். மதுவிலக்கு ஒழிந்ததும் தெரு வாசலில் நின்றாள். இடம்தான் மாறியது, நிற்பது மாறவில்லை. இப்போதுதான் கால்வாய்த் தெருவில் மூடிக் கிடந்த பழைய சலவை நிலையத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். குத்தகையில் ஒரு நிபந்தனை: அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் கடையைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் கட்டடம் உரிமையாளருக்கே திரும்பிப் போகும். அவர் ஏற்கனவே ஒரு மோட்டார் உதிரிபாகக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அப்படி நடந்தால் வாண்டா திரும்பவும் கொக்கிக்குப் போக வேண்டியதுதான்.

பதினோரு நாள் இருந்தது.

"பேரை மாத்திடு பாஸ்," என்றார் ஆர்லோ டிப்ஸ். அவர் பியானோக்காரர், கறுப்பர், ஐம்பத்தைந்து வயது, நியூயார்க்கில் பத்து வருடம் வாசித்தவர். வாண்டா அவருக்கு இன்னும் ஒரு வாரச் சம்பளம்கூடக் கொடுத்ததில்லை. ஆனாலும் முதல் நாளிலிருந்தே 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டார், அவளைச் சீண்டுவதற்காக. "கிளப்னு எழுதிட்டுப் போ. அது பட்டியல்ல இருக்கும்."

"விசாரிச்சேன். கிளப்னு எழுதணும்னா பன்னெண்டு கனவான்கள் சேர்ந்து சங்கம் பதியணும். யாரை உள்ள விடக்கூடாதுன்னு ஒரு பட்டியலும் கொடுக்கணும். அது கட்டாயமாம்."

டிப்ஸ் பியானோ மூடியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினார். "அந்தப் பட்டியலை எனக்குத் தெரியும். இந்த ஊர்ல ஏழு கிளப்ல வாசிச்சிருக்கேன். ஏழுலயும் சமையக்கட்டு வழியாத்தான் போயிருக்கேன்."

"அப்ப மாத்த மாட்டேன்," என்றாள் வாண்டா.

அந்தச் சொல் ஒன்றும் அவள் கண்டுபிடித்தது அல்ல. நைட் கிளப்பைத்தான் நியூயார்க்கின் கேளிக்கைப் பத்திரிகை ஒன்று சில வருடமாக நைட்டரி என்று எழுதிக்கொண்டிருந்தது. பத்திரிகையைப் படித்த இசைக்காரர்கள் சொன்னார்கள், அவர்களைக் கேட்டு டாக்ஸிக்காரர்கள் சொன்னார்கள், பிறகு உருக்காலைப் பையன்களும் சொன்னார்கள். வாண்டாவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அதில் உறுப்பினர்கள் இல்லை. கதவைத் தள்ளினால் உள்ளே போய்விடலாம்.

பெயர்ப்பலகைச் சொல் வாரியம் நகர மன்றத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. அதன் வரலாறு எளிமையானது. மதுவிலக்குக் காலத்தில் நகரத்துக்கு மோப்பம் பிடிக்கிற பிரிவு ஒன்று இருந்தது. பாட்டிலை, பீப்பாயை, பால்காரர் வண்டியைக்கூட முகர்ந்து பார்ப்பார்கள். சட்டம் போனதும் முகர ஒன்றும் இல்லை. ஆனால் மூக்குகள் எல்லாம் நிரந்தரப் பணியில் இருந்தன. வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே நகரம் அவர்களுக்குச் சொற்களைக் கொடுத்தது. ஐந்து வருடத்தில் அவர்கள் நானூற்றுச் சொச்சம் சொற்களை முகர்ந்து, இருநூற்றைப் பட்டியலில் சேர்த்து, மிச்சத்தை மூடியிருந்தார்கள்.

அறையில் ஒரு மரத்தடுப்பு. தடுப்புக்கு உள்பக்கம் தோல் வைத்த நாற்காலிகள் பதினான்கு. வாரியத்துக்கு உறுப்பினர்கள் மூன்று பேர். தடுப்புக்கு வெளிப்பக்கம் ஓர் அறிவிப்பு: 'பொதுமக்களுக்கு இருக்கை இல்லை. உட்கார்ந்தவர்கள் கேள்வி கேட்கிறார்கள்.'

வாண்டா நின்றாள். நிற்பதில் அவளுக்கு நல்ல பயிற்சி. ஆனால் இந்த இடத்தில் நிற்கும்போது மட்டும் கால் தானாக ஆடியது.

எழுத்தர் மிஸ் தார்ன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு கத்தைத் தாளை நீட்டினார். "படிவம் பதினொண்ணு. மூணு நகல். அர்த்தத்துக்கு ஒரு கட்டம், பிறப்புக்கு ஒரு கட்டம்."

"பிறப்பா?"

"சொல்லு எங்க பிறந்துச்சு, யாருக்குப் பிறந்துச்சு, எப்ப இந்த ஊருக்கு வந்துச்சு. அனாதைச் சொல்லை நாங்க எடுத்துக்கறதில்ல."

கட்டத்தைப் பார்த்தாள் வாண்டா. கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. "இதுல எப்படி மேடம் எழுதறது? இடமே இல்லையே."

"அர்த்தம் பெரிசா இருந்தா அது சொல்லோட குத்தம்."

குனிந்து, தடுப்புக் கட்டைமேல் தாளை வைத்து, எறும்பு எழுத்தில் எழுதினாள்: ராத்திரியில் சாப்பாடு, குடி, பாட்டு, ஆட்டம் உள்ள இடம். மிஸ் தார்ன் படித்துவிட்டு 'ராத்திரி'யின் மேல் சிவப்புக் கோடு போட்டார்.

"இது செல்லாது. எங்க வேலை நேரம் ஒன்பதுல இருந்து நாலு வரைக்கும். அதுக்கு அப்புறம் நடக்கறது எதுவும் வாரியத்தோட பார்வைக்கு வரல."

"ராத்திரின்னு ஒண்ணு இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

"தனிப்பட்ட முறையில தெரியும்," என்றார் மிஸ் தார்ன், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. "அலுவலக முறையில தெரியாது."

விசாரணை வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. மூன்று சாட்சிகளைக் கொண்டு வரலாம்.

அது முடிந்தால் மீதி எட்டு நாள்தான். வியாழக்கிழமை முழுக்க வாண்டா ஓடினாள். ட்ராமில் ஏறினால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனாள். சாயந்திரம் வந்து சேர்ந்தபோது டிப்ஸ் பியானோவுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"டிப்ஸ், அந்தச் சொல்லு எப்படிப் பிறந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. அந்தப் பத்திரிகை அச்சுக்கூடத்துக்குக் கீழதான் அஞ்சு வருஷம் காபி குடிச்சேன். தலைப்பு எழுதறவன் மேல இருந்து கத்துவான். பத்தி அகலம் இத்தனூண்டு," என்று இரண்டு விரலைக் காட்டினார். "நைட் கிளப்னு போட்டா எழுத்து வெளிய போகுது. கிளப் முதலாளி பேரை வெட்ட முடியாது, உதைப்பான். அதனால கிளப்பை வெட்டி, ஒரு வாலை ஒட்டி, உள்ள திணிச்சான். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். இடம் பத்தல பாஸ். வேற ஒரு புண்ணாக்கும் இல்ல."

வாண்டா தலையை ஆட்டினாள். அவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. பிறப்புக் கட்டத்தில் அதையே எழுதினாள்: இடமில்லாததால் பிறந்தது.

வெள்ளிக்கிழமை வாரியம் கூடியது. தலைவர் எல்ஸ்வொர்த் குவிக்லி நடுவில். முன்னாள் மோப்பப் பிரிவுத் தலைவர். இப்போதும் எதையாவது படிப்பதற்கு முன் தாளை மூக்கருகே கொண்டுபோகிற பழக்கம் விடவில்லை. வலப்பக்கம் பேராசிரியர் லாத்ரப், சொற்பிறப்பு ஆலோசகர். இடப்பக்கம் திரு. ஸ்வான். திரு. ஸ்வானின் கடமை வழிமொழிவது. வேறு எதுவும் பேசி அவரை யாரும் கேட்டதில்லை.

குவிக்லி எழுந்து உரையாற்றினார். "இந்த வாரியம் எந்தச் சொல்லுக்கும் எதிரி இல்லை. நாங்கள் நடுநிலையாளர்கள். ஒரு சொல்லைப் பற்றி முன்கூட்டியே எதுவும் தெரிந்து வைத்துக்கொள்வதில்லை என்பது எங்கள் கொள்கை. ஐந்து வருடமாக அந்தக் கொள்கையிலிருந்து ஓர் அங்குலம்கூட நாங்கள் நகர்ந்ததில்லை. எங்களுக்கு எதுவும் தெரியாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

"வழிமொழிகிறேன்," என்றார் திரு. ஸ்வான்.

வாண்டாவின் முதல் சாட்சி ஒரு ட்ரம்பெட்காரர்.

"நைட்டரின்னா என்னன்னு தெரியுமா?" என்றார் குவிக்லி.

"தெரியும் சார். ஆறு வருஷமா அங்கதான வாசிக்கிறேன்."

"அப்போ நீங்க சார்புள்ள ஆள். இறங்குங்க."

இரண்டாவது, டாக்ஸி ஓட்டுநர். அவருக்கும் தெரிந்திருந்தது. இறக்கிவிட்டார்கள். மூன்றாவதாக வந்த உருக்காலைப் பையன் உஷாராக, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றான். "பிறகு ஏன் வந்தே?" என்று அவனையும் இறக்கிவிட்டார்கள்.

வாரியமே ஒரு சாட்சியை வைத்திருந்தது. திருமதி கிராண்டல், பாப்டிஸ்ட் திருச்சபைப் பாடகர் குழு, ஆறு மணிக்குமேல் வீட்டைவிட்டு வெளியே வந்ததில்லை என்று பைபிள்மேல் சத்தியம் செய்தார்.

"நீங்க அந்த மாதிரி இடங்களைத் தாண்டிப் போயிருக்கீங்களா அம்மா?"

"தினமும் காலையில. எப்பவும் பூட்டியேதான் இருக்கும். பாவம், யாரோ நொடிச்சுப்போய்ட்டாங்கன்னு நினைச்சுப்பேன்."

"தெளிவான சாட்சியம்," என்றார் குவிக்லி.

பேராசிரியர் லாத்ரப் பிறப்புக் கட்டத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். கோபம்கூட இல்லை, பரிதாபம். "இடமில்லாததால் பிறந்தது! குழந்தாய், ஒரு சொல் அப்படிப் பிறக்காது. சொல்லுக்கு வம்சம் வேண்டும். லத்தீன் தகப்பன், பிரெஞ்சுத் தாய், குறைந்தபட்சம் ஒரு ஜெர்மன் சித்தப்பாவாவது வேண்டும். இந்தச் சொல்லில் எனக்கு மடாலயத்தின் வாசனை வருகிறது. நள்ளிரவில் துறவிகள் எழுந்து ஜெபிக்கிற கூடம். ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காத அளவுக்குப் பழமையானது என்பதே ஆதாரம்."

"சார், அதை எழுதினவனுக்குக் கீழ காபி குடிச்ச ஆளே எங்கிட்ட இருக்காரு!"

"காபி ஆவணமல்ல. இடமில்லை என்பதற்காக எந்த நாகரிகமான மனிதனாவது ஒன்றை வெட்டுவானா? வெட்டினது பிழைக்குமா?"

வாண்டாவின் கால் ஆட்டம் நின்றது.

"எங்கப்பா பேரு கோவல்செவ்ஸ்கி," என்றாள். "உருக்காலையில சேந்த அன்னைக்கு வருகைப் பதிவுத் தாள்ல பேருக்கு அஞ்சு இங்கிலீஷ் எழுத்துக்குத்தான் கட்டம் இருந்துச்சு. எழுதறவன் கோவலோட நிறுத்திட்டான். எங்கப்பா, சார் சார் இன்னும் இருக்கு சார்னாரு. அவன் தலையைக்கூடத் தூக்கல. 'மிச்சம் போதும், போ'ன்னான். அந்த மிச்சத்தோடதான் முப்பது வருஷம் உலையில நின்னாரு. அந்த மிச்சத்தைத்தான் கல்லறையிலயும் வெட்டியிருக்கு. நான் அந்த மிச்சத்துக்குப் பிறந்தவ. வெட்டினது பிழைக்குமான்னு கேக்குறீங்க. உங்க முன்னாடி நின்னுட்டுத்தான இருக்கேன்?"

திரு. ஸ்வான் வாயைத் திறந்தார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"பேச்சு நல்லா இருக்கு," என்றார் குவிக்லி. "ஆனா நீங்க சொந்தப் பேரைப் பத்திப் பேசறீங்க. அது வேற வாரியம். இரண்டாவது மாடி."

தீர்ப்பு இது: நேரில் பார்த்து அர்த்தத்தை முடிவு செய்வது. திங்கள்கிழமை, காலை பதினோரு மணி.

"காலையிலயா?" என்றாள் வாண்டா. "ராத்திரி வாங்க சார். அப்பதான தெரியும்."

"ராத்திரிக்கு எங்களுக்கு அதிகாரம் இல்லை," என்றார் குவிக்லி. "ஒரு பொருளின் உண்மையான நிலை அலுவலக நேரத்தில்தான் தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வாண்டா தூங்கவில்லை. சலவைக்காரன் விட்டுப்போன சோப்புக் கறை தரையில் இருபது வருடத்துக்கு ஊறியிருந்தது. வருகிறவர்கள் முகம் சுளிக்கக்கூடாது என்று முழங்காலில் உட்கார்ந்து தேய்த்தாள். திங்கள் காலையும் தேய்த்தாள். தரை கழுவும்போது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்திருந்தாள்: நாற்காலிகளை எல்லாம் தூக்கி மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். பூமியில் உள்ள எந்தக் கிளப்புக்கும் காலை பதினோரு மணிக்குப் போனால் அந்தக் காட்சிதான் கிடைக்கும்.

கடிகாரம் அவளை ஏமாற்றிவிட்டது. கதவு தட்டப்பட்டபோது கையில் துடைப்பமும் வாளியும் இருந்தன.

மூன்று பேரும் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, இருட்டுக்குக் கண் பழகும்வரை நின்றார்கள். பிறகு அசையவேயில்லை. அறை முழுக்க, மேசைக்கு மேசை, அறுபத்துநான்கு நாற்காலிகள் நான்கு காலையும் கூரைக்கு நீட்டிக்கொண்டு நின்றன.

"ஓ," என்றார் குவிக்லி.

வாண்டா வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். "சார், ஒரு நிமிஷம், இதை இறக்கி வெச்சுடறேன், தரை கழுவத்தான்..."

"தொடாதீங்க!" குவிக்லியின் குரல் கூரையில் மோதியது. "சாட்சியத்தைக் கலைக்கறீங்க!"

"இது சாட்சியம் இல்ல சார், நாற்காலி! ராத்திரி இறக்கி வெச்சா ஜனங்க உக்காருவாங்க, டிப்ஸ் வாசிப்பாரு..."

"எந்த ஜனங்க? எனக்கு ஒருத்தரும் தெரியலையே. லாத்ரப், உங்களுக்கு?"

"ஒரு பெண் தெரிகிறாள். துடைப்பத்தோடு," என்றார் லாத்ரப். அவர் கண்களில் நீர். "குவிக்லி, பாருங்கள். கால்கள் எல்லாம் வானத்தை நோக்கி. ஜெபத்தில் தூக்கிய கைகள் மாதிரி. நான் மடாலயம் என்றேனே!"

மூலையில் பியானோவின்மேல் சாய்ந்திருந்த டிப்ஸ், "கடவுளே," என்றார்.

"அவரும் அப்படியே சொல்கிறார்," என்று குறித்துக்கொண்டார் லாத்ரப்.

குவிக்லி குனிந்து தரையை விரலால் தொட்டார். முகர்ந்தார். "ஈரம்," என்றார். "எழுதிக்கோங்க."

வியாழக்கிழமை மாலை மூன்றேமுக்காலுக்கு உரிமம் கைக்கு வந்தது. திறக்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு. வாண்டா நகர மன்றப் படிக்கட்டிலேயே நின்று படித்தாள். கால்வாய்த் தெருவரை ஓடிவந்து, மூச்சு வாங்க, டிப்ஸுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"'நைட்டரி: நாற்காலிகளை மேசைகளின்மேல் தலைகீழாக வைத்துப் பாதுகாக்கும் இருண்ட கூடம். தரை பெரும்பாலும் ஈரமாக இருக்கும். பிறப்பு: லத்தீனாக இருக்கலாம். மேற்படி அர்த்தம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது; திரு. ஸ்வான் வழிமொழிந்தார். நாட்டிலுள்ள அகராதிக்காரர்கள் அனைவருக்கும் இலவசமாக அனுப்பப்படுகிறது.'"

டிப்ஸ் முதலில் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"இன்னும் இருக்கு," என்றாள் அவள். "'இவ்விடத்தில் எந்நேரமும் நாற்காலிகள் மேசைமேலேயே இருக்க வேண்டும். ஒரு நாற்காலி தரையில் காணப்பட்டாலும் சொல் அதன் அர்த்தத்தை மீறியதாகக் கருதப்பட்டு, பலகை மூடப்படும், கதவும் மூடப்படும். முதல் சோதனை: சனிக்கிழமை, சிறப்பு அனுமதியுடன், இரவு எட்டரை மணி வரை.'"

"ராத்திரின்னு ஒண்ணு இருக்கறதைக் கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"அனுமதி வாங்கிக் கண்டுபிடிச்சுட்டாங்க."

"பாட்டு, ஆட்டம், சாப்பாடு பத்தி ஏதாவது தடை?"

வாண்டா தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"ஒண்ணுமே இல்ல," என்றாள். "நாற்காலியைப் பத்தி மட்டும்தான். மனுஷங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

இருவரும் அறையைப் பார்த்தார்கள். அறுபத்துநான்கு நாற்காலிகள். மேசைகளை எல்லாம் சுவரோரமாகத் தள்ளினால் நடுவில் வெறும் தரை. நல்ல தரை, அவள் தேய்த்த தரை.

"பாஸ்," என்றார் டிப்ஸ், "என் ஸ்டூல் நாற்காலியா, இல்லையா?"

"மிஸ் தார்ன்கிட்ட கேட்டேன். விண்ணப்பம் கொடுத்தா ஆறு வாரத்துல சொல்வாங்களாம்."

"சரி, நின்னுட்டே வாசிக்கிறேன். சமையக்கட்டு வழியா வராம, முன்வாசல் வழியா வந்து நின்னா, அது உக்காந்த மாதிரிதான்."

சனிக்கிழமை தார்ப்பாயைக் கழற்றினார்கள். ஏணியைத் திருப்பித் தரவில்லை. பெயின்டர் டாக்ஸியின்மேல் ஏறி நின்று ஆணி பிடுங்கினார். ஆறு மணிக்கு உருக்காலைச் சங்கு ஊதியதும் கூட்டம் வந்தது. உள்ளே வந்தவர்கள் நாற்காலிகளைப் பார்த்துத் திகைத்தார்கள்.

"வாண்டா, நாங்க எங்க உக்கார்றது?"

"உக்கார்ற இடம் இல்ல இது. அர்த்தத்தைப் படிச்சுட்டு வா, வாசல்ல சட்டம் போட்டு மாட்டியிருக்கேன்."

படித்தவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சிரித்தவர்கள் போய் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார்கள். பியரோகிக் கொழுக்கட்டையைக் காகிதத்தில் வைத்துக் கையில் கொடுத்தாள். பீரைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். உட்கார முடியாத மனிதன் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பான்? டிப்ஸ் நின்றபடி கட்டைகளை அறைய ஆரம்பித்ததும் ஒரு கால் ஆடியது, பிறகு இருநூறு கால்கள் ஆடின. மற்ற இடங்களில் பத்து பேர் ஆட, தொண்ணூறு பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். இங்கே பார்ப்பதற்கு ஆள் இல்லை.

ஏழு மணிக்கு வாரியம் வந்தது. குவிக்லி கைவிளக்கோடு சுவரோரமாகப் போய் எண்ணினார். அறுபத்துநான்கு. எல்லாம் மேசைமேல். கால்கள் கூரையை நோக்கி. குனிந்து தரையைத் தொட்டார். சிந்திய பீரில் நன்றாகவே ஈரமாக இருந்தது. முகர்ந்தார். முகத்தில் பழைய நாட்களின் ஒளி ஒன்று வந்து போனது.

"எல்லாம் விதிப்படி இருக்கு," என்றார், ஏமாற்றத்தோடு. "இவங்கெல்லாம் யாரு?"

"நாற்காலியைப் பாக்க வந்தவங்க சார்," என்றாள் வாண்டா.

பேராசிரியர் லாத்ரப் குலுங்கும் கூட்டத்தைப் பார்த்து, 'துறவியரின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட அதிகம்' என்று எழுதினார். திரு. ஸ்வானை நூலாலைப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து, "ஆட வர்றியா தாத்தா?" என்று இழுத்தாள். "வழிமொழிகிறேன்," என்று அவர் போய்விட்டார்; அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

சிறப்பு அனுமதி எட்டரை வரை. அதற்கு முன்னால் போனால் சோதனை முழுமையாகாது என்று குவிக்லிதான் விதி எழுதியிருந்தார். எட்டு மணிவரை தாக்குப்பிடித்தார். புதுக் காலணி. வலது பாதச் சுண்டுவிரலில் கால் ஆணி. முப்பது வருட உத்தியோகத்தில் அவர் தொடர்ந்து ஒரு மணி நேரம் நின்றது இதுதான் முதல் தடவை. ஒரு காலைத் தூக்கினார். மாற்றித் தூக்கினார். மேசைகள்மேல் கவிழ்ந்திருந்த அறுபத்துநான்கு நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில், வாண்டா நின்றிருந்த மேலங்கி மாட்டும் மேடையருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"மிஸ் கோவல்... ஒரே ஒரு நாற்காலி. அஞ்சு நிமிஷம். கொஞ்சம் உக்காரணும்."

வாண்டா அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு மேடைக்குக் கீழே குனிந்து, மிஸ் தார்ன் கொடுத்ததில் எழுதாமல் மிஞ்சிய தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். படிவம் பதினொண்ணு. மேலே பென்சிலையும் வைத்தாள்.

"உக்கார்றதுன்னா என்னன்னு இங்க யாருக்கும் தெரியாது சார். அர்த்தம் ஒரு கட்டம், பிறப்பு ஒரு கட்டம்."

வேறு யாராக இருந்தாலும் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். குவிக்லி உத்தியோகஸ்தர். படிவத்தைக் கண்டதும் கை தானாகப் பென்சிலை எடுத்தது. ஒற்றைக்காலில் நின்றபடி, மேடைமேல் சாய்ந்து, எழுத ஆரம்பித்தார். களைத்த ஒரு மனிதன் தன் உடலின் பாரத்தை, என்று தொடங்கி, எழுத்தைச் சிறிதாக்கி, இன்னும் சிறிதாக்கி, கட்டத்தின் ஓரத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்.

"இடம் பத்தலையே," என்றார்.

"வெட்டுங்க," என்றாள் வாண்டா. அடுத்து வந்தவனின் மேலங்கியை வாங்கக் கை நீட்டியிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. "மிச்சம் போதும்."